பளபள பேப்பர் மேல இருக்கும் பசை: ஸ்டார்ச் திரும்ப வருதா?

மேகசின் அட்டை, மருந்து டப்பா எல்லாம் தொட்டா வழவழன்னு இருக்கும். பேப்பர் மேல பூசுற ஒரு மெல்லிய கோட்டிங்தான் காரணம். அதில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட், கயோலின் களிமண் மாதிரியான வெள்ளைப் பொடி. அது உதிராம பிடிச்சு வைக்கிற பசைக்குப் பேர் பைண்டர். 100 கிலோ பொடிக்கு சுமார் 10 கிலோ பைண்டர் போகும்.

இன்னைக்கு பரவலா பயன்படுறது ஸ்டைரீன் பியூட்டடையீன் லேடெக்ஸ். பேர்தான் லேடெக்ஸ், ரப்பர் மரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. மூலப்பொருள் ரெண்டுமே பெட்ரோகெமிக்கல்.

அதுக்கு முன்னாடி ஸ்டார்ச், சோயா புரதம், பால்ல இருந்து எடுக்கிற கேசீன் எல்லாம் இந்த வேலையைச் செஞ்சது. அப்போ தாவரப் பசை ஏன் பின்தங்கிச்சு?

போஸ்டர் ஒட்ட மைதா காய்ச்சுறதை யோசிங்க. மாவு கொஞ்சம் கூடினாலே கெட்டியாயிடும். வெந்த ஸ்டார்ச்சோட நீளமான மூலக்கூறு சங்கிலிகள் தண்ணியில பிரிஞ்சு, ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும். கோட்டிங் மெஷின்ல பேப்பர் நிமிஷத்துக்கு 1000 மீட்டருக்கு மேல ஓடும். கெட்டிக் கலவை அந்த வேகத்துல சீரா பரவாது. தண்ணி விட்டு இளக்கினா, அதை உலர்த்த கூடுதல் எரிசக்தி வேணும்.

லேடெக்ஸ்ல குட்டிக் குட்டித் துகள்கள் தனித்தனியா மிதக்கும். எடையில பாதி துகளா இருந்தாலும் பால் மாதிரி ஓடும். உலரும்போது ஒண்ணா சேர்ந்து பிடிச்சுக்கும்.

அதனால, ஸ்டார்ச்சையே துகளா மாத்தினா என்ன? கனடாவோட ஈகோசிந்தெடிக்ஸ் நிறுவனம் இதைத்தான் செஞ்சது. எக்ஸ்ட்ரூடர் மெஷின்ல ஸ்டார்ச்சை சூட்டோட அழுத்திப் பிசைஞ்சு, சங்கிலிகளுக்கு நடுவுல ரசாயன முடிச்சு போடுறாங்க. தண்ணியில போட்டா அது நானோ துகள்களா பிரிஞ்சு நிக்கும். நம்ம கோடிங் பாஷையில, இன்டர்ஃபேஸைத் தொடாம லைப்ரரியை மட்டும் மாத்துற மாதிரி. பவுடராவே அனுப்பலாம்கிறதால லாரியில தண்ணியைச் சுமக்க வேண்டாம்.

ஆனா ஒரு சிக்கல். ஸ்டார்ச்சுக்குத் தண்ணின்னா உயிர். ஆஃப்செட் பிரிண்டிங்ல பேப்பர் ஈரமாகும், ஒட்டுற மையும் இழுக்கும். பிடிப்பு தளர்ந்தா கோட்டிங் உரிஞ்சு வந்துடும். அதனால பெரும்பாலும் லேடெக்ஸ்ல ஒரு பகுதியைத்தான் மாத்துறாங்க. அதோட ஸ்டார்ச் வர்ற சோளமும் உருளைக்கிழங்கும் சாப்பாட்டுப் பயிர்.

அடுத்த தடவை ஒரு பேக்கிங்ல ‘தாவரப் பூச்சு’ன்னு போட்டிருந்தா ரெண்டு கேள்வி கேளுங்க: எத்தனை சதவீதம்? எந்தப் பயிர்?