பாட்டி ஏன் கப்பல் ஏறினார்?

“பொழப்பத் தேடித்தாம்பா வந்தோம்.”

மலாயாவுக்கு ஏன் வந்தீர்கள் என்று என் பாட்டியிடம் எப்போது கேட்டாலும் இந்த ஒரே பதில்தான். அதற்கு மேல் பேச்சு நகராது. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு வேறு கதைக்குப் போய்விடுவார்.

அவர் காலமாவதற்கு முந்திய ஆண்டு, தீபாவளிப் பலகாரம் சுட்டு முடித்த ஓர் இரவில் மீதிக் கதை வந்தது. சேலம் பக்கத்தில் அவருடைய ஊர். இரண்டு ஆண்டுகளாகச் சரியான மழை இல்லை. முதல் குழந்தை காய்ச்சலில் இறந்துவிட்டது. வைத்தியத்துக்கும் அடக்கத்துக்கும் வாங்கிய கடன் வட்டியோடு வளர்ந்துகொண்டிருந்தது. “அந்தக் கடன அடைக்கத்தான் கப்பல் ஏறினோம். மூணு வருஷத்துல திரும்பிடலாம்னு உங்க தாத்தா சொன்னாரு” என்றார். அது 1937ஆம் ஆண்டு. அதன் பிறகு பாட்டி தன் ஊரைப் பார்க்கவே இல்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. தோட்டப்புறத்தில் வேர்விட்ட பல குடும்பங்களின் முதல் பயணம், வாழ்க்கையின் மிக மோசமான ஒரு கட்டத்தில்தான் தொடங்கியது. “பிழைக்க வந்தோம்” என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கிப்போன அந்தப் பயணம் எப்படி நடந்தது என்று தெரிந்துகொண்டால், நம் பெரியவர்களிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதும் விளங்கும்.

ஊரில் இருந்த நெருக்கடி

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். அதன் பிறகும் மழை பொய்ப்பதும், காலரா வருவதும், வட்டிக் கடனும் தொடர்ந்தன. சொந்த நிலம் இல்லாதவர்கள் பண்ணையாளாக, வாங்கிய கடனுக்கு ஈடாகத் தலைமுறை தலைமுறையாக உழைத்தார்கள். சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டவர்களுக்கு ஊரில் தலைநிமிர வழியே இல்லை. திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு எனப் பல மாவட்டங்களிலிருந்து மக்கள் கிளம்பியதற்கு இவையே காரணங்கள்.

ஆரம்பத்தில் வந்தவர்கள் ஒப்பந்தக் கூலிகள். அவர்களைத்தான் நம் பெரியவர்கள் ‘சஞ்சிக் கூலி’ என்றார்கள். ஒப்பந்தக் காலம் முடியும் முன் தோட்டத்தை விட்டுப் போனால் சிறைத் தண்டனைகூட உண்டு. அந்த முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. ரப்பர் தோட்டங்கள் பெருகிய காலத்தில் கங்காணி முறையே மேலோங்கி நின்றது.

கங்காணி ஊருக்கு வந்தால்

கங்காணி வெளியாள் அல்ல. பெரும்பாலும் அதே ஊர்க்காரர், அல்லது பக்கத்து ஊரில் உறவு உள்ளவர். தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு உரிமத்தோடு ஆள் சேர்க்க வருவார். அவருடைய சட்டையும் கைக்கடிகாரமுமே பாதி வேலையைச் செய்துவிடும். மீதியை முன்பணம் செய்தது. ஊர்க் கடனை அடைக்க அந்தப் பணம் உதவியது. ஆனால் கடன்காரர் மாறினாரே தவிர, பலருக்குக் கடன் தீரவில்லை. தான் கொண்டுவந்த ஆட்கள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது.

பயணச் செலவைத் தொழிலாளி தர வேண்டியதில்லை. 1907இல் தொடங்கிய தமிழர் குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் பணம் கட்டினார்கள். ரயில் செலவும் கப்பல் செலவும் அதிலிருந்து கொடுக்கப்பட்டன. இப்படி வந்தவர், ஒரு மாதம் முன்னறிவிப்புக் கொடுத்து வேலையை விடலாம் என்று சட்டம் சொன்னது. ஆனால் கையில் காசில்லாமல், நடுவில் ஒரு கடலே கிடக்கும்போது அந்த உரிமையைப் பயன்படுத்துவது எளிதாக இருக்கவில்லை.

முகாமும் கடலும்

ஊரிலிருந்து ரயிலில் ஆவடி முகாமுக்கோ நாகப்பட்டின முகாமுக்கோ வர வேண்டும். அங்கே மருத்துவச் சோதனை நடக்கும், அம்மை குத்துவார்கள், சில நாள் தங்க வைப்பார்கள். பிறகு கப்பல். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஐந்தாறு நாட்கள் ஆகும்.

ரஜூலா கப்பலை அறியாத மூத்தவர்கள் குறைவு. 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல், தொடக்கத்தில் 5,000க்கும் மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. மேல்தளப் பயணி என்றால் அறையும் கிடையாது, கட்டிலும் கிடையாது. பாயை விரித்த இடமே வீடு. பாட்டி ஐந்து நாளும் குமட்டலில் படுத்தே கிடந்தாராம். யாரோ ஒரு திருச்சிக்கார அம்மாள் எலுமிச்சம்பழத்தை நுகரக் கொடுத்ததை மட்டும் கடைசிவரை மறக்கவில்லை.

கரை சேர்ந்ததும் நேரே தோட்டத்துக்குப் போக முடியாது. கப்பலில் நோய் இருக்கலாம் என்று தனிமைப்படுத்தும் முகாமில் வைப்பார்கள். பினாங்கில் இறங்கியவர்களுக்கு அது ஜெரெஜாக் தீவு. சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவு. அதன் பிறகுதான் லயம், பெரட்டு, பால்மரம்.

மூன்று ஆண்டு ஏன் முடியவே இல்லை?

பெரும்பாலோர் நிரந்தரமாகத் தங்க வரவில்லை. நாலு காசு சேர்த்துத் திரும்புவதே எண்ணம். உண்மையில் பலர் போவதும் வருவதுமாகத்தான் இருந்தார்கள். 1930இல் உலகப் பொருளாதாரம் சரிந்து ரப்பர் விலை விழுந்தபோது, லட்சத்துக்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வேலை இருந்தவர்களின் கூலியும் வெட்டப்பட்டது. அதுவரை ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பதே பல இடங்களில் நாள்கூலியாக இருந்தது.

1938இல் மீண்டும் கூலி குறைக்கப்பட்டபோது, உதவிப் பயணத்தில் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்தார்கள். கப்பலும் நின்றது, கடிதமும் நின்றது. போர் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியபோது, பாட்டிக்கு இங்கே மூன்று பிள்ளைகள். ஊரில் அவருடைய அம்மா இறந்து இரண்டு ஆண்டு ஆகிவிட்டது என்று தாமதமாக ஒரு கடிதம் வந்தது. “அப்புறம் யாரைப் பாக்கப் போறது?” என்றார்.

1953இல் மலாயாவின் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், ஊரில் விட்டுவந்த உறவுகளை நினைத்தபோது அழைத்துக்கொள்வதும் கடினமானது. பாட்டி திரும்பக் கூடாது என்று ஒருநாளும் முடிவெடுக்கவில்லை. திரும்பும் வழிகள்தாம் ஒவ்வொன்றாக அடைபட்டன.

என்ன கேட்கலாம்?

“ஏன் வந்தீர்கள்?” என்று நேராகக் கேட்டால் பலர் சொல்லமாட்டார்கள். கடன், சாதி அவமானம், குடும்பச் சண்டை, இழவு என்று ஏதோ ஒன்றை மறைத்துத்தான் பலரும் கப்பல் ஏறினார்கள். சின்னக் கேள்விகளிலிருந்து தொடங்குங்கள். எந்த ரயில் நிலையத்தில் ஏறினார்கள்? எந்தக் கப்பல்? கங்காணி பெயர் என்ன? முதலில் போன தோட்டத்தைத் தமிழர்கள் எந்தப் பெயரால் அழைத்தார்கள்? குலதெய்வம் எது, கோயில் எங்கே? ஊர்ப் பெயர் மறந்துபோன குடும்பங்கள்கூடக் குலதெய்வத்தைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கண்டுபிடித்ததுண்டு.

பழைய கடப்பிதழ், பிறப்புப் பத்திரம், பழைய அடையாள அட்டை எதையும் குப்பையில் போடாதீர்கள். அவற்றில் உள்ள பெயரும் தேதியும், குடியுரிமைச் சிக்கலில் நிற்கும் ஒரு பேரப்பிள்ளைக்கு நாளை ஆதாரமாகலாம். பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கப்பல் ஏறியவர்களில் இன்று இருப்பவர்கள் மிகச் சிலர். அவர்கள் வாயால் கேட்ட பிள்ளைகளே எழுபது எண்பதைத் தொட்டுவிட்டார்கள். அடுத்த விடுமுறைக்குக் காத்திருக்க வேண்டாம்.

அன்றிரவு பாட்டி இரண்டு மணி நேரம் பேசினார். கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்றெல்லாம் கேட்டேன். ஊரில் அடக்கம் செய்துவிட்டு வந்த அந்தக் குழந்தையின் பெயரை மட்டும் கேட்கவில்லை. இப்போது அதைச் சொல்ல யாரும் இல்லை.