கடல் கடக்கும் செவிலியர் – 7: காலாவதியாகும் சான்று, நகராத வரிசை

அமெரிக்க மருத்துவமனைக்கு வேலைக்குப் போகும் வெளிநாட்டு நர்ஸின் படிப்பையும் பதிவையும் சோதிக்கவே கூடாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஊசி போடுகிற கை எங்கே பழகியது என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. ஒரே தகுதியை எத்தனை முறை கேட்பது, எப்போது கேட்பது என்பதுதான் இந்த வாரத்துக் கேள்வி. தகுதியைச் சோதித்துத் தரும் சான்றின் ஆயுள் ஐந்து ஆண்டு. இந்தியர் அந்த நாட்டுக்குள் நுழையக் காத்திருக்கும் காலமோ பத்தாண்டுக்கும் மேல். இந்த இரண்டையும் ஒரே சட்டம் முடிச்சுப் போட்டு வைத்திருப்பதால், திறமையைப் பார்க்க ஏற்பட்ட சோதனை காகிதத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் சடங்காகிவிட்டது என்பது என் வாதம்.

சோதனை பிறந்த காரணம் நியாயமானது. 1970களில் அமெரிக்காவுக்குப் போன வெளிநாட்டு நர்ஸ்களில் பெரும்பாலோர் அங்குள்ள மாநில உரிமத் தேர்வில் தேறவில்லை. தேறாதவர்கள் உதவியாளர் வேலையில் குறைந்த சம்பளத்துக்குச் சிக்கிக்கொண்டார்கள். விமானம் ஏறும் முன்பே ஒரு முன்தேர்வு வைத்துவிட்டால் இரு தரப்புக்கும் நல்லது என்று 1977இல் சி.ஜி.எஃப்.என்.எஸ். என்ற ஆணையம் தொடங்கப்பட்டது. உரிமத் தேர்வை எழுத அன்று அமெரிக்காவுக்கே போயாக வேண்டும். 2005 ஜனவரியில் சியோல், ஹாங்காங், லண்டன் நகரங்களில் என்கிளெக்ஸ் என்னும் அந்த உரிமத் தேர்வு தொடங்கியது. பிறகு இந்தியாவுக்கும் வந்தது. இன்று சென்னையிலேயே எழுதலாம். அமெரிக்காவில் படித்தவர் எழுதும் அதே தேர்வு, அதே தேர்ச்சி அளவு. முன்தேர்வுக்கான பழைய காரணம் அதோடு பெருமளவு தீர்ந்துவிட்டது.

ஆனால் அதற்குள் 1996 குடியேற்றச் சட்டத்தின் 343ஆம் பிரிவு வந்திருந்தது. படிப்பு அமெரிக்கப் படிப்புக்கு நிகரானதா, பதிவில் தடையோ தண்டனையோ உண்டா, ஆங்கிலம் போதுமா, தேர்வில் தேறியாயிற்றா என்று நான்கையும் பார்த்துச் சான்று தர வேண்டும். அது இல்லாவிட்டால் விசா கிடையாது. ‘விசா ஸ்கிரீன்’ என்று நர்ஸ்கள் சொல்வது இதைத்தான். 2003இல் வந்த விதிகள் இதற்கு ஐந்தாண்டு ஆயுள் வைத்தன. அதே விதிகளின்படி, வெளிநாட்டுக் குடியுரிமை கொண்ட ஒருவர் அமெரிக்கக் கல்லூரியிலேயே படித்து, அங்கேயே தேர்வெழுதி, அங்கேயே உரிமம் வாங்கியிருந்தாலும் இந்தச் சான்றை வாங்கியாக வேண்டும். அவர் படித்த கல்லூரியை அமெரிக்க வாரியமே அங்கீகரித்திருக்கிறது. பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து படித்த அமெரிக்கப் பெண்ணுக்கு இது தேவையில்லை. அப்படியானால் சோதிக்கப்படுவது படிப்பா, பாஸ்போர்ட்டா?

தமிழ்நாட்டில் படித்தவர் இதற்குச் செய்ய வேண்டிய வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். மதிப்பெண் பட்டியலை அவர் கையால் அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். கல்லூரி முதல்வர் படிவத்தை நிரப்பி, மருத்துவம்–அறுவை, மகப்பேறு, குழந்தை நலம், மனநலம் என ஒவ்வொரு பாடத்துக்கும் வகுப்பு எத்தனை மணி, வார்டு எத்தனை மணி என்று பிரித்து எழுதி, முத்திரையிட்டு நேரடியாக அனுப்ப வேண்டும். பதிவுச் சான்றைத் தமிழ்நாடு நர்ஸஸ் கவுன்சில் அதேபோல் நேரடியாக உறுதிப்படுத்த வேண்டும். இடையில் கர்நாடகத்தில் பதிந்திருந்தால் அந்த கவுன்சில், சவூதியில் வேலை பார்த்திருந்தால் அந்த நாட்டு ஆணையம் என்று இதுவரை வைத்திருந்த எல்லாப் பதிவுக்கும் தனித்தனிக் கடிதம். நம் ஊர் இனிஷியல் இதில் தனித் தலைவலி. பட்டத்தில் ஓர் எழுத்தாக நிற்கும் அப்பா பெயர், பாஸ்போர்ட்டில் முழுசாக விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கும். கல்யாணத்துக்குப் பின் அங்கே கணவர் பெயர் வந்திருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க இன்னொரு கட்டுக் காகிதம். இத்தனைக்கும் பல மாநில வாரியங்கள் என்கிளெக்ஸ் எழுத அனுமதிக்கும் முன்பே இந்தப் படிப்பை மதிப்பிட்டு அறிக்கை கேட்டிருக்கும். அதற்கு ஒரு விண்ணப்பம், ஒரு கட்டணம். விசா ஸ்கிரீனுக்கு வேறு விண்ணப்பம், வேறு கட்டணம்.

இவ்வளவும் முடிந்த பிறகு வரிசை. நர்ஸ் பற்றாக்குறை இருப்பதை அமெரிக்கத் தொழிலாளர் துறை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று மருத்துவமனை தனியாக நிரூபிக்க வேண்டாம் என்ற சலுகைப் பட்டியலில் நர்ஸ் வேலை இருக்கிறது. ஆனால் விசா வழங்குவதில் நர்ஸுக்கென்று தனி வாசல் இல்லை. வேலை அடிப்படையிலான 1,40,000 நிரந்தரக் குடியேற்ற விசாவில் நர்ஸ்கள் வரும் மூன்றாம் பிரிவின் பங்கு 28.6 சதவீதம், அதாவது சுமார் 40,000. ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பைப் போட்டால் 2,800 வருகிறது. கணவன், மனைவி, பிள்ளைகளும் இந்தக் கணக்கில்தான். மென்பொருள்காரர்களும் இதே வரிசையில்தான். 2024 அக்டோபரில் இந்தியருக்கு இந்தப் பிரிவில் விசா தரப்பட்டது, 2012 நவம்பருக்கு முன் விண்ணப்பம் பதிவானவர்களுக்கு. மென்பொருள் பொறியாளர் எச்-1பி விசாவில் அங்கேயே சம்பாதித்துக்கொண்டு காத்திருக்கலாம். சாதாரண வார்டு நர்ஸ் வேலைக்கு அங்கே இளநிலைப் பட்டம் கட்டாயம் இல்லை என்பதால் எச்-1பி பெரும்பாலும் கிடைக்காது. நர்ஸ்களுக்கென்றே இருந்த எச்-1சி விசாவும் ஆண்டுக்கு 500 பேர் என்ற அளவோடு ஓடி 2009இல் முடிந்துபோனது. வரிசையில் சேர்ந்த நாளிலேயே விசா ஸ்கிரீன் வாங்கிய இந்திய நர்ஸுக்கு, முறை வருவதற்குள் அது இரண்டு தடவை காலாவதியாகிவிடும்.

போலிச் சான்றிதழ் ஊரெல்லாம் கிடைக்கும்போது சோதனையைத் தளர்த்தலாமா என்று கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். 2023 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் மூன்று நர்சிங் கல்லூரிகள் 7,600க்கும் மேற்பட்ட போலிப் பட்டயங்களை விற்றதாக வழக்குப் பதிவானது; வாங்கியவர்களில் சுமார் 2,400 பேர் என்கிளெக்ஸில் தேறியும் விட்டார்கள். தேர்வு ஒன்று மட்டும் போதாது என்பதை இது காட்டுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பட்டயங்களைக் கொடுத்தது கல்லூரியே. மூலத்திடமே கேட்டுச் சரிபார்த்திருந்தாலும் ‘ஆமாம், எங்கள் மாணவிதான்’ என்றுதான் பதில் வந்திருக்கும். கல்லூரியைக் கண்காணிப்பதும் தேர்வு வைப்பதும் மூலச் சரிபார்ப்பும் சேர்ந்தால்தான் காவல். மூன்றையும் ஒழுங்காக ஒரு முறை செய்வது வேறு, ஒன்றையே மூன்று முறை செய்வது வேறு.

பத்தாண்டில் கைப்பழக்கம் போயிருக்காதா, அதனால்தானே காலக்கெடு என்பது அடுத்த கேள்வி. போயிருக்கலாம். ஆனால் 2010இல் வாங்கிய பட்டம் 2024இல் மாறிவிடாது. மாறக்கூடியவை பதிவின் நிலையும் சமீபத்திய வேலை அனுபவமும்தான். அவற்றை விசா நேர்காணலுக்கு முன் பார்த்தால் போதும். நர்ஸ்கள் போகாமல் இருப்பதே நமக்கு நல்லதாயிற்றே, வழியை ஏன் எளிதாக்க வேண்டும் என்பவர்களும் உண்டு. அமெரிக்கக் கதவு அடைத்தால் அவர்கள் வளைகுடாவுக்கோ பிரிட்டனுக்கோ அயர்லாந்துக்கோ போகிறார்கள், வீட்டில் உட்கார்ந்துவிடுவதில்லை. ஐம்பதுக்கும் குறைவான படுக்கை உள்ள தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு 2016இலேயே பரிந்துரைத்தது. அதை நடைமுறைப்படுத்துவதுதான் அவர்களைத் தக்கவைக்கும் வழி.

அமெரிக்கா செய்ய வேண்டியது, ஒரு முறை சரிபார்த்த படிப்பை நிரந்தரமாக ஏற்பது. நாம் செய்ய வேண்டியதும் உண்டு. 2023இல் நிறைவேறிய தேசிய செவிலியர், மகப்பேறு ஆணையச் சட்டம் நாடு முழுமைக்குமான இணையப் பதிவேட்டைச் சொல்கிறது. அது முழுதாக இயங்கினால் கவுன்சில் கடிதத்துக்காக மாதக்கணக்கில் அலைய வேண்டியிராது. அதுவரை, விண்ணப்பிக்க நினைக்கும் நர்ஸ்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதலில் என்கிளெக்ஸை முடியுங்கள். மருத்துவமனை உங்களுக்காக ஐ-140 என்ற குடியேற்ற மனுவைப் போடும்போது விசா ஸ்கிரீன் தேவையில்லை, நேர்காணலின்போதுதான் தேவை. இப்போதே வாங்கிவிடு என்று ஏஜென்ட் அவசரப்படுத்தினால், அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடும் விசா அறிக்கையில் இந்தியாவுக்கு நேரே என்ன தேதி போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

(தொடரும்)