நரம்பின் தூதும் உடலின் காவற்படையும்

சேலம் சந்திப்பு ரயில் நிலையம் அமைந்துள்ள சூரமங்கலத்திலிருந்து ஈரோடு, சென்னை, விருத்தாசலம், நாமக்கல் எனப் பல திசைகளுக்கும் இருப்புப் பாதைகள் செல்கின்றன. ஒரு தடத்திற்குரிய சிக்னல் அந்தத் தடத்து வண்டியை மட்டுமே நிறுத்தும். பக்கத்துத் தடத்து வண்டி அதைப் பொருட்படுத்தாது. நம் உடலிலும் இத்தகைய சிக்னல்கள் உண்டு. நரம்பு முனைகள் சுரக்கும் வேதிப்பொருள்களே அவை.

நோய்க் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அவற்றுள் டி-அணுக்கள் என்ற வகை, புற்றுநோய் அணுக்களையும் இனங்கண்டு அழிக்கவல்லது. இந்தக் காவற்படை எவருடைய கட்டளைக்கும் காத்திராமல் தானே இயங்குகிறது என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது.

1975-இல் அமெரிக்காவின் ராபர்ட் ஏடர், நிக்கோலஸ் கோஹன் இருவரும் ஒரு சோதனை செய்தனர். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தையும் சாக்கரின் கலந்த இனிப்பு நீரையும் எலிகளுக்குச் சேர்த்துக் கொடுத்தனர். பின்னர் இனிப்பு நீரை மட்டும் கொடுத்தபோதும் எதிர்ப்பாற்றல் குறைந்தது! நாவில் பட்ட சுவை மூளை வழியாகக் காவற்படையை எட்டியது எப்படி? மண்ணீரலுக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் நரம்பிழைகள் செல்வதை 1980-களில் டேவிட் ஃபெல்டன் குழுவினர் விளக்கிக் காட்டினர். வெள்ளணுக்களின் மேற்பரப்பிலோ நரம்பு வேதிப்பொருள்களைப் பற்றிக்கொள்ளும் 'ஏற்பிகள்' இருக்கின்றன.

கொல்கத்தாவில் ஓர் ஆய்வு

டோபமைன் என்பது மூளையில் செய்தி கடத்தும் ஒரு வேதிப்பொருள். அது குறைந்தால் பார்க்கின்சன் நோயில் கைகால் நடுக்கம் உண்டாகிறது. கொல்கத்தாவின் சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் பார்த்தசாரதி தாஸ்குப்தா, சுஜித் பாசு முதலானோர் இதனை ஆராய்ந்தனர். நுரையீரல் புற்றுநோயாளிகளின் இரத்தத்தில் டோபமைன் மிகுந்திருந்தது. அதே அளவு டோபமைனை, சோதனைக் குழாயில் வளர்த்த மனித டி-அணுக்களுடன் சேர்த்தார்கள். டி-அணுக்கள் பெருகுவது குறைந்தது. அவற்றின் கொல்லும் திறனும் தளர்ந்தது. டி-1 வகை ஏற்பிகளை மருந்தால் அடைத்தபோது இந்த விளைவு தடைப்பட்டது. முடிவுகள் 2001-இல் வெளிவந்தன.

அப்படியானால் டோபமைன் புற்றுநோய்க்குத் துணை போகிறதா? அவசரப்பட வேண்டாம். புற்றுக்கட்டி வளர உணவு வேண்டும்; அதற்குப் புதிய இரத்தக் குழாய்கள் வேண்டும். எலிகளில் அத்தகைய குழாய்கள் முளைப்பதை டோபமைன் தடுக்கிறது என்று பாசுவும் தாஸ்குப்தாவும் அமெரிக்க விஞ்ஞானிகளுடன் சேர்ந்து அதே 2001-இல் அறிவித்தனர். இங்கே வேலை செய்தது டி-2 வகை ஏற்பி. பொருள் ஒன்றே, ஏற்பி மாறினால் பலனும் மாறுகிறது!

நமக்கு என்ன பயன்?

எந்த ஏற்பியை அடைக்கலாம், எதைத் தூண்டலாம் என்பது தெளிவானால், புற்றுநோய் மருத்துவத்திற்குப் புதிய துணை கிடைக்கக்கூடும். ஆனால் மாணவர்களே, சோதனைக் குழாயிலும் எலியிலும் கண்டது நோயாளிக்கு அப்படியே பொருந்திவிடாது.

"கவலைப்பட்டதால்தான் உனக்குப் புற்று வந்தது" என்று நோயாளியிடம் சொல்வோர் உண்டு. இந்த ஆராய்ச்சிகள் எவையும் அப்படிக் கூறவில்லை. அச்சொல் நோயாளியின் மனத்தைப் புண்படுத்தும். மனத்துணிவு நல்லதே, ஆயினும் அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகியவற்றின் இடத்தை அது நிரப்பாது. கட்டியோ ஆறாத புண்ணோ கண்டால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்லுமாறு வீட்டாருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.