பண்டிகை மாலையில் ஒரு தட்டுப் பலகாரம்

டிசெம்பர் பிறந்துவிட்டால் நத்தார், அதன்பின் புதுவருடம், தைப்பொங்கல் என்று எமது ஊர்களில் வரவும் போக்குமாக இருக்கும். நாலு பேரை வீட்டுக்குக் கூப்பிட எல்லோருக்கும் ஆசை உண்டு. ஆனால் கூப்பிட்டால் சோறு கறி சமைக்க வேண்டும், இறைச்சி வாங்க வேண்டும், கதிரை போதாது என்றெல்லாம் எண்ணி அந்த ஆசையை மனதுக்குள் பூட்டி வைத்துவிடுகிறோம். வேறு சிலர் நகையை அடைவு வைத்தோ நுண்கடன் எடுத்தோ விருந்து வைத்துவிட்டு, பண்டிகை முடிந்து பல மாதம் தவணை கட்டுகிறார்கள். இரண்டும் தேவையில்லை. மாலை நான்கு மணிக்கு ஒரு தட்டுப் பலகாரமும் சுடச்சுடத் தேநீரும் இருந்தால் அதுவே நல்ல விருந்துதான்.

வன்னியில் உள்ள எங்கள் கிராமத்தில் நானும் அயலில் உள்ள மூன்று பெண்களும் சேர்ந்து சிற்றுண்டி செய்து கடைகளுக்குக் கொடுத்து வருகிறோம். அந்த அனுபவத்தில் கண்டவற்றையே சகோதரிகளுக்கு இங்கே தருகிறேன்.

நாளும் அளவும்

முதலில் நாளைப் பாருங்கள். நத்தாருக்கு மறுநாளான டிசெம்பர் 26, 2004இல் ஆழிப்பேரலை வந்த நாள். முல்லைத்தீவு, மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரங்களில் பல வீடுகளுக்கு அது விளக்கேற்றும் நாள். அன்று ஒன்றுகூடல் வைக்காமல் இரண்டு மூன்று நாட்கள் தள்ளி வையுங்கள். மார்கழியில் திருவெம்பாவைக் காலத்தில் சைவ வீடுகளில் மச்சம் சாப்பிடாதவர்கள் இருப்பார்கள். ஆகவே மரக்கறிப் பலகாரம் பாதியாவது இருக்க வேண்டும். முஸ்லிம் சகோதரிகளையும் அழைப்பதானால் இறைச்சியைத் தவிர்த்து மீனும் மரக்கறியும் செய்தால் யாருக்கும் சங்கடமில்லை.

பின்னால் சாப்பாடு இல்லாத மாலைத் தேநீருக்கு ஆளுக்கு 5 துண்டு என்று கணக்கு வையுங்கள். 20 பேருக்கு 100 துண்டு. தட்டை வடை 40, மீன் கட்லட் 30, வாழைக்காய்க் கட்லட் 30. இவற்றுடன் அரைக் கிலோ கடலையை அவித்துத் தாளித்தால் எல்லோருக்கும் ஒரு சிறு கை அளவு வரும். பத்து வகை செய்து களைப்பதைவிட மூன்று நான்கு வகையை நன்றாகச் செய்வதே மேல்.

ஒரு வாரத்துக்கு முன்பு

பருத்தித்துறைக்குப் பேர் வாங்கிக் கொடுத்த தட்டை வடை முன்கூட்டியே செய்யக்கூடியது. 250 கிராம் உழுந்தை இரண்டு மூன்று மணித்தியாலம் ஊறவைத்து நீரை நன்றாக வடியுங்கள். 250 கிராம் கோதுமை மாவில் பாதியை அவித்து அரித்துக்கொண்டு, மீதியைப் பச்சையாகவே சேருங்கள். இடித்த செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், நறுக்கிய கறிவேப்பிலை, உப்பு போட்டு உழுந்தையும் கலந்து, சிறிது சிறிதாக நீர் தெளித்து இறுக்கமாகக் குழையுங்கள். சிறு உருண்டைகளாக்கி மெல்லிதாகத் தட்டி, மிதமான சூட்டில் மொறுமொறுப்பாகப் பொரித்தெடுங்கள். சுமார் 40 வடை வரும். நன்றாக ஆறிய பின்னரே பேணியில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் வியர்த்து நமுத்துவிடும்.

முதல் நாள்

கடலையை இரவே ஊறவையுங்கள். மிஞ்சிய பாணைக் காயவைத்து இடித்தால் கட்லட்டுக்குப் பாண் தூள் தயார். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் மீன் கலவையை மட்டும் முதல் நாள் செய்து வைக்க வேண்டாம். அது அன்று காலை செய்வது.

அன்று

425 கிராம் ரின் மீன் ஒன்றை நீர் வடித்து முள் நீக்கி உதிர்த்துக்கொள்ளுங்கள். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையை வதக்கி மீனைப் போட்டுப் பிரட்டி, மிளகுத் தூள், உப்பு, அவித்து மசித்த அரைக் கிலோ உருளைக்கிழங்கு சேர்த்து இறக்கித் தேசிக்காய்ப் புளி விடுங்கள். ஆறியதும் 30 உருண்டைகள் பிடிக்கலாம். முட்டைக்குப் பதிலாகக் கோதுமை மாவை நீரில் கரைத்து அதில் தோய்த்துப் பாண் தூளில் பிரட்டினால் போதும். மீனுக்குப் பதில் அவித்துத் துருவிய வாழைக்காயைப் போட்டால் அதுவே மரக்கறிக் கட்லட். புது எண்ணெயில் முதலில் மரக்கறியையும் பின்னர் மீனையும் பொரியுங்கள். இப்படிச் செய்தால் விரதகாரருக்கும் மனநிறைவு, எண்ணெயும் மிச்சம். கறுத்த, புகைகிற, காறல் மணம் வந்த எண்ணெயைத் திரும்பப் பாவிக்க வேண்டாம்.

பொரிக்கும்போது சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். சிறுபிள்ளைகள் அடுப்படிக்கு வராமல் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

பரிமாறும்போது

பொரித்த மீன் பலகாரம் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. கடும் வெயில் நாளில் ஒரு மணித்தியாலம்தான். எனவே கட்லட்டை ஒரேயடியாக அடுக்காமல் இரண்டு தடவையாகப் பொரித்துக் கொண்டு வாருங்கள். ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, கரண்டிகள் 2023 ஒக்டோபரில் இருந்து எமது நாட்டில் தடை. வாழையிலைத் துண்டும் பனையோலைத் தட்டும் அழகாகவும் இருக்கும், ஓலை பின்னும் ஒரு பெண்ணுக்கு வருமானமாகவும் இருக்கும். பால்மாவுக்குச் செலவு செய்யாமல் இஞ்சி தட்டிப் போட்ட தேநீரைப் பனங்கட்டியுடன் கொடுங்கள்.

கதிரை போதாவிட்டால் பாய் விரியுங்கள். எல்லோரும் ஒரே மட்டத்தில் இருந்தால் கதையும் நன்றாக ஓடும்.

யார் பரிமாறுவது?

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுப் பொங்கல் மாலைக்கு வந்த ஓர் அக்கா, உள்ளே வராமல் பின்வாசலிலேயே நின்றுவிட்டார். 2009இல் கணவரை இழந்தவர்.

“நல்ல நாளில நான் முன்னுக்கு வரக் கூடாது பிள்ளை. குசினிக்குள்ள ஏதும் வேலை இருந்தால் சொல்லு” என்றார்.

நான் கட்லட் தட்டை அவர் கையில் கொடுத்தேன். “இண்டைக்கு எல்லாருக்கும் நீங்கள்தான் குடுக்கோணும் அக்கா” என்றேன்.

தயங்கித் தயங்கித்தான் வந்தார். பாயில் இருந்தவர்களில் வயதில் மூத்த அம்மா ஒருவர் கையை நீட்டி, “கொண்டா மோனை, முதல் நான் எடுக்கிறன்” என்றார். அதன்பின் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் எடுத்தார்கள். இப்போது எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டு ஒன்றுகூடல் என்றாலும் முதல் தட்டு அந்த அக்காவின் கையில்தான். ஒரு வழக்கத்தை மாற்றக் கூட்டமும் பேச்சும் வைக்க வேண்டிய தேவை எங்களுக்கு வரவில்லை.

பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் தாய்மாரும் இப்படியான மாலைகளுக்கு வருவார்கள். “ஏதும் தகவல் கிடைச்சதோ?” என்று பலர் முன்னிலையில் கேட்காதீர்கள். பக்கத்தில் இருந்து தேநீரைக் கொடுங்கள். அவராகக் கதைத்தால் காது கொடுங்கள். இடையில் எழுந்து போக விரும்பினால் மறிக்காமல், நாலு பலகாரத்தை இலையில் சுற்றிக் கையில் கொடுத்து வாசல் வரை கூடச் செல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. பொரித்துக் களைத்து, எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, அடிச்சட்டியில் கிடக்கும் உடைந்த துண்டுகளை நின்றபடி சாப்பிடுபவர்கள் நாம். உங்கள் பங்கான ஐந்து துண்டையும் கணக்கில் சேர்த்தே செய்யுங்கள். இரண்டாம் தடவைப் பொரியல் முடிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு நீங்களும் பாயில் வந்து இருங்கள். உங்களோடு கதைக்கத்தானே அவர்கள் வந்திருக்கிறார்கள்.