கற்றதை அளக்கும் கோல்

ஊத்துக்கோட்டையை அடுத்த தாமரைக்குப்பத்தில், ஆந்திரத்திலிருந்து வரும் கிருஷ்ணா நீர்க் கால்வாய் தமிழகத்துக்குள் நுழைகிறது. அவ்விடத்தை எங்கள் பகுதி மக்கள் ‘ஜீரோ பாயிண்ட்’ என்றே வழங்குகின்றனர். கண்டலேறு அணையில் திறக்கப்படும் நீர் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் ஓடி அங்கு வந்து சேரவேண்டும். தமிழகத்துக்கு ஆண்டுதோறும் ஒதுக்கப்பட்டது 15 டி.எம்.சி.; வழியில் நேரும் இழப்புக்கென 3 கழித்து, எல்லையில் 12 டி.எம்.சி. தரப்படவேண்டும் என்பது 1983ஆம் ஆண்டு உடன்படிக்கை. அணையில் எவ்வளவு திறந்தனர் என்பது ஒரு கணக்கு; எல்லையில் எவ்வளவு வந்தது என்பது வேறொரு கணக்கு. பூண்டி நீர்த்தேக்கம் நிரம்புவது இரண்டாவது கணக்கினால்தான்.

மாணவ நண்பர்களே, இளநிலைப் பட்ட வகுப்பில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இக்கால்வாய் நல்லதோர் உவமையாக அமைந்துவிட்டது. வகுப்பில் நடத்திய பாடம் அணையில் திறந்த நீர். உங்கள் உள்ளத்தில் தங்கியதே எல்லைக்கு வந்த நீர். பல்கலைக்கழக மானியக் குழு பாடத்திட்டங்களில் வற்புறுத்தும் ‘கற்றல் விளைவு’ என்பது இந்த இரண்டாவது அளவைக் குறிப்பது. இன்னின்ன பாடங்கள் நடத்தப்பெறும் என்று எழுதினால் மட்டும் போதாது. இத்தாளைப் பயின்றவர் இன்னது செய்ய வல்லவராவார் என்றும் எழுதவேண்டும் என்கிறது அது. எழுதிவிடலாம். வல்லவரானாரா என்று அறிவது எவ்வாறு?

பருவத் தேர்வு இருக்கிறதே என்பீர்கள். தேர்வு ஓரளவு அளக்கத்தான் செய்கிறது. ஆனால் எதை அளக்கிறது? நியூட்டனின் மூன்றாம் விதியை எழுதுக என்றால் வகுப்பு முழுவதும் பிழையின்றி எழுதும். அதே வகுப்பில், மணல் ஏற்றிய லாரி ஒன்று மிதிவண்டியின்மீது மோதுகிறது, எது எதன்மீது மிகுந்த விசையைச் செலுத்துகிறது என்று கேட்டுப் பாருங்கள். லாரிதான் என்று பல கைகள் உயரும். இரு விசைகளும் சமம். மிதிவண்டியின் நிறை சிறிதாதலால் அதன் முடுக்கம் பெரிது, சேதமும் பெரிது. விதியை ஒப்பித்த நாவும் லாரியைக் கண்ட கண்ணும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை!

இது நம்மூர்க் குறை மட்டுமன்று. அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஹெஸ்டினஸும் அவர்தம் துணைவரும் இவ்வகை வினாக்களைத் தொகுத்து, 1992இல் விசை பற்றிய கருத்துத் தேர்வு ஒன்றை வெளியிட்டனர். கணக்கீடு சிறிதும் வேண்டாத வினாக்கள் அவை. ஹார்வர்டில் எரிக் மசூர் என்னும் பேராசிரியர் இத்தகைய வினாக்களைத் தம் மாணவரிடம் கொடுத்தபோது, ஒரு மாணவி எழுந்து, தாங்கள் கற்பித்தபடி விடை எழுதுவதா, நான் எண்ணுகிறபடி எழுதுவதா என்று கேட்டாராம். இரண்டும் வெவ்வேறு என்று அம்மாணவி அறிந்திருந்ததே பெரிது.

அளவுகோலையும் சொல்லிவிடுகிறேன். பருவத் தொடக்கத்தில் ஒருவர் 40 விழுக்காடு பெற்றார். முடிவில் அதே தேர்வில் 58 பெற்றார் என்று கொள்வோம். உயரக்கூடிய தூரம் 60, உயர்ந்தது 18. விகிதம் 0.30. ரிச்சர்டு ஹேக் என்பவர் 62 வகுப்புகளில் பயின்ற ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மாணவரின் மதிப்பெண்களை இவ்வாறு கணித்து 1998இல் வெளியிட்டார். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளின் சராசரி 0.23, மாணவர் தம்முள் விவாதித்து விடை கண்ட வகுப்புகளில் 0.48. ஆசிரியனாகிய எனக்கு இந்த எண்கள் இனிப்பானவை அல்ல. எனினும் தொடக்கத்திலும் ஒருமுறை அளந்தாலன்றி, மாணவர் முன்பே அறிந்திருந்தது எவ்வளவு, நாம் சேர்த்தது எவ்வளவு என்பது தெரியாது.

பெரியபாளையம், ஊத்துக்கோட்டைச் சிற்றூர்களிலிருந்து பேருந்தேறிக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுள் பலர் தம் குடும்பத்தின் முதற் பட்டதாரிகள். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் அவர்களிடம் சமன்பாட்டைத் தருவிக்கச் சொல்லமாட்டார்கள். திருகு அளவியைக் கையில் கொடுத்து, இதன் தடிமன் என்ன, உன் அளவீட்டை எவ்வளவு நம்பலாம் என்று கேட்பார்கள். ஆதலால் செய்முறைத் தேர்வையே நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கம் காணும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். விடை 980 என்று முன்னரே தெரிந்திருப்பதால், அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு நேரத்தை நிரப்பும் கலை ஒன்று உண்டு. நம் பகுதியில் அதன் மதிப்பு 978.3 செ.மீ. அளவில்தான் இருக்கிறது என்பது அக்கலைஞர்களுக்குத் தெரியாது! மற்றொருவர் 100 செ.மீ. ஊசலில் 20 அலைவுகளுக்கு 40.4 விநாடி கண்டு 967 என்று எழுதுகிறார். கடிகாரத்தை அழுத்துவதில் 0.3 விநாடி பிழை நேரலாம், ஆகவே 14 கூடலாம், குறையலாம் என்றும் சேர்த்து எழுதுகிறார். உண்மை மதிப்பு அவர் வரைந்த எல்லைக்குள்ளேயே நிற்கிறது. இவருக்கு நான் நிறைய மதிப்பெண் தருவேன்.

அதன்பின் அவரிடம் ஒரு கேள்வி கேட்பேன்: இந்தப் 14ஐக் குறைக்க என்ன செய்வீர்? இருபதுக்குப் பதில் ஐம்பது அலைவுகள் எண்ணுவேன், பிழை 6 அளவுக்கு இறங்கிவிடும் என்று அவர் சொல்வாராயின், அடுத்த மாணவரை அழைத்துவிடுவேன்.