நான்கு புடவை, ஒரு போர்வை

பழைய புடவைகளைப் பாத்திரக்காரரிடம் கொடுத்து எவர்சில்வர் கிண்ணம் வாங்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் உண்டு. வங்காளத்துப் பெண்கள் நைந்த பருத்திப் புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஓட்டுத் தையலிட்டுக் 'காந்தா' என்னும் போர்வையாக்கினர். நூலுக்கும் காசு செலவழிக்கவில்லை. புடவைக் கரையிலிருந்தே உருவிக்கொண்டனர். மகாராஷ்டிரத்தின் 'கோதடி', பீகாரின் 'சுஜனி' ஆகியவையும் இவ்வினமே.

பிறக்கவிருக்கும் குழந்தைக்கென இதனைத் தைப்பது தனிச்சிறப்பு. பல்லாண்டு துவைத்த பருத்தியின் மென்மை புதுத்துணிக்கு வாராது. பாட்டியின் புடவை பேரக்குழந்தையின் மேல் கிடப்பதற்குக் கிண்ணம் ஈடாகுமா என்ன!

நாமும் முயல்வோம். செயற்கை இழைப் புடவை வேண்டா. அது வியர்வையை உறிஞ்சாது. சாயம் போகிறதா என்று ஒவ்வொன்றையும் தனியே ஊறவைத்துப் பார்த்துவிட வேண்டும். கிழிந்த பகுதிகள் நடு அடுக்கில் மறையட்டும். முதலில் நீண்ட தையலால் அடுக்குகளைப் பிணைத்துவிட்டால் துணி நகராது. பின்னர் நடுவிலிருந்து தொடங்கி, விரலகல இடைவெளியில் வரிசை வரிசையாக ஓரம் நோக்கித் தைக்கலாம், சுருக்கம் விழாது. வரிசை சற்றுக் கோணினாலும் குழந்தை குறை சொல்லப்போவதில்லை. ஆயினும் ஐந்தாம் மாதத்திலேயே தொடங்கிவிடுவது நலம். கைத்தையல் நாள் பிடிக்கும்.