சொல்லும் பணிவும்

சொல் என்பது பொருளைத் தெரிவிக்கும் கருவி மட்டுமன்று, செயலும் ஆகும். 'மன்னிப்புக் கேட்கிறேன்' என்று ஒருவர் கூறுமிடத்து, அக்கூற்றே மன்னிப்புக் கேட்கும் செயலாகிவிடுகிறது. இவ்வுண்மையை விரிவாக விளக்கியவர் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் ஜே. எல். ஆஸ்டின். 1955இல் ஹார்வர்டில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள், அவர் மறைந்தபின் 1962இல் நூலாக வெளிவந்தன.

வேண்டுதல், மறுத்தல், நன்றி கூறல் ஆகிய சொற்செயல்கள் பெரும்பாலும் எல்லா மக்களிடத்தும் உண்டு. ஆயினும், அவற்றோடு பணிவைச் சேர்க்கும் முறை மொழிக்கு மொழி வேறுபடும்.

'நாற்காலியைக் கொண்டு வாருங்கள்' என்பது தமிழில் பணிவான வேண்டுகோள். அப்பணிவு 'வாருங்கள்' என்னும் வினையின் ஈற்றில் நிற்கிறது. ஆங்கில வினைக்கு அத்தகைய ஈறு இல்லை. ஆதலால், சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வெறும் ஏவலே எஞ்சும். ஆங்கிலேயர் அதனைக் 'கொண்டுவர முடியுமா?' என வினாவாக்கிப் பணிவு காட்டுவர். மலாய்க்காரரோ, உதவி என்று பொருள்படும் 'தோலோங்' என்னும் சொல்லை முன்னே வைப்பர். மூத்தவரை 'பாக் சிக்', 'மாக் சிக்' என முறை சொல்லி அழைப்பர்.

வழிகள் வேறாயினும் நோக்கம் ஒன்றே. பெனலோப்பி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்னும் இருவர் 1978இல் வெளியிட்ட ஆய்வில் ஆங்கிலம், கோயம்புத்தூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் தமிழ், மெக்சிகோ நாட்டு மாயர் இனத்தார் பேசும் த்செல்தால் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டனர். பிறரால் மதிக்கப்பட வேண்டும், பிறரால் நெருக்கப்படலாகாது என்னும் இரு விருப்பங்களையும் அவர்கள் 'முகம்' என்றனர். கேட்பவர் முகத்தைக் காப்பதே பணிவு என்பது அவர்கள் முடிபு. 'முகம் கோணாமல்' என்னும் நம் வழக்கும் இதனையே உணர்த்தும்.

இலக்கணம் பிழைத்தால், 'இவருக்கு மொழி தெரியாது' என்பர். பணிவு பிழைத்தால், 'இவருக்குப் பண்பு தெரியாது' என்றே முடிவு கட்டுவர். வேலை வேண்டி நேர்முகத்திற்குச் செல்லும் இளைஞனுக்கு இவ்விரண்டாவது தீர்ப்பே பெருங்கேடு. வீட்டாரிடம் நன்றி என்று வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் நம்மிடையே குறைவு. அதனைக் கண்ட அயலார் நம்மை நன்றியற்றவர் எனக் கருதுவதும் இத்தகைய பிழையே.

ஆகவே, பிறமொழித் தொடர் ஒன்றைக் கற்பிக்கும்போதே, அதனை யாரிடம், எந்நிலையில் சொல்லலாம் என்பதையும் கற்பித்தல் வேண்டும். கேட்பவருக்கும் ஒரு கடமை உண்டு: சொல் கடுமையாக ஒலித்தால், குறை பேசுபவரின் மனத்திலா, மொழிபெயர்ப்பிலா என்று சற்றே எண்ணிப் பார்த்தல் நலம்.